தாராவிப் பையின் வாடிக்கையாளர் யாருக்குச் சொந்தம்?

2014ஆம் ஆண்டில் தாராவியின் பெயரிலேயே ஓர் இணையக் கடை திறக்கப்பட்டது. ‘தாராவி மார்க்கெட்’ என்ற அந்தத் தளம், அப்பகுதிக் கைவினைஞர்களின் பொருட்களை நேரடியாக வாங்குவோரிடம் கொண்டுசெல்ல முயன்றது. அதே ஆண்டின் இறுதியில் ஸ்னாப்டீல் நிறுவனமும் தாராவி உற்பத்தியாளர்களைத் தன் தளத்தில் சேர்த்து விற்கத் தொடங்கியது. குடிசைப் பகுதி இந்தியச் சந்தைக்குள் நுழைந்துவிட்டது என்ற உற்சாகம் அன்று எங்கும் தெரிந்தது. மூன்றாண்டுகள் கழித்து, 2017இல், ஃபிளிப்கார்ட்டுடன் இணைவதற்கான பேச்சு முறிந்ததும் ஸ்னாப்டீல் தன்னையே சுருக்கிக்கொண்டது. அந்தத் தளத்தை மட்டுமே நம்பிய விற்பனையாளர் எவராக இருந்தாலும், அவர் கையில் மிஞ்சியிருக்கக்கூடியது விற்காத சரக்குதான். அதுவரை தன்னிடம் வாங்கியவர்கள் யார், அவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அந்த விவரமெல்லாம் தளத்தின் கணினியில் இருந்தது.

இன்று தாராவியில் ஓர் இளைஞர் இணையக் கடை தொடங்க நினைத்தால், அவருக்கு ஆலோசனை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. பேஸ்புக், இன்ஸ்டாகிராமில் பணம் கட்டி விளம்பரம் செய்யலாம். கூகுள் தேடலில் முதலில் வருமாறு ஏலம் கேட்கலாம். பின்தொடர்வோர் அதிகம் உள்ளவர்களுக்கு இலவசமாகப் பை அனுப்பி ரீல்ஸ் போடச் சொல்லலாம். அமேசானிலோ ஃபிளிப்கார்ட்டிலோ மீஷோவிலோ விற்பனையாளராகச் சேரலாம். வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்பலாம். எது மலிவு, எது விரைவு என்ற அளவில்தான் இந்த ஆலோசனைகள் அமைகின்றன. விற்பனை முடிந்த பிறகு வாங்கியவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் யாரிடம் தங்குகின்றன என்ற கேள்வியை எவரும் எழுப்புவதில்லை. ஒரு சிறு உற்பத்தியாளர் தன் விற்பனை முறையைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் எழுப்ப வேண்டிய கேள்வி அதுவே.

இது வணிகர்களின் விவகாரம், தொழிலாளி வர்க்க இயக்கத்துக்கு இதில் என்ன வேலை என்று சில தோழர்கள் கருதக்கூடும். தாராவியைப் பொறுத்தவரை அந்தக் கருத்து பொருந்தாது. அங்கே காலையில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவரே இரவில் தன் கணக்கில் நான்கு பை தைக்கிறார். கூலித் தொழிலாளிக்கும் சிறு உற்பத்தியாளருக்கும் இடையிலான கோடு பல வீடுகளில் ஒரே அறைக்குள் ஓடுகிறது.

பெயரில்லாத சரக்கு

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தமிழர்கள் தாராவிக்கு வந்து குடியேறியதில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வளர்ந்த தோல் பதனிடும் தொழிலுக்குப் பெரும் பங்குண்டு. வேறு எவரும் தொட மறுத்த வேலையை அந்த உழைப்பாளி மக்கள், பெரும்பாலும் தலித்துகளும் முஸ்லிம்களும், செய்தார்கள். பதனிடும் ஆலைகள் பின்னர் நகரின் வெளிப்புறத்துக்குப் போயின. வெட்டுவதும் தைப்பதும் தாராவியிலேயே நின்றன. சயான்-பாந்த்ரா இணைப்புச் சாலையில் வரிசையாக நிற்கும் தோல் கடைகளுக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில்தான் அந்த வேலை நடக்கிறது. 2015இல் மகாராஷ்டிர பாஜக ஆட்சி மாட்டிறைச்சித் தடையைக் காளைகளுக்கும் எருதுகளுக்கும் விரிவாக்கியபோது கச்சாத் தோல் வரத்து குறைந்தது. பல பட்டறைகள் எருமைத் தோலுக்கும் ரெக்சினுக்கும் மாறின.

இவ்வளவு நீண்ட வரலாறு கொண்ட சரக்குக்குச் சொந்தப் பெயர் கிடையாது. பெரிய கடைகளும் ஏற்றுமதியாளர்களும் தாராவியில் தைத்து வாங்கித் தங்கள் முத்திரையைக் குத்திக்கொள்கிறார்கள். தாராவித் தமிழ்ப் பெண்கள் சுடும் முறுக்குக்கும் இதே கதிதான். மாதுங்காவிலும் செம்பூரிலும் நடுத்தரத் தமிழ்க் குடும்பங்கள் வாங்கும் பொட்டலத்தின் மீது சுட்டவரின் முகவரி இருப்பதில்லை. முகவரி இருந்தால் விற்குமா என்ற தயக்கமும் இடைத்தரகருக்கு உண்டு. அந்தத் தயக்கத்தின் பெயர் சாதி என்பதை மும்பைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இணையக் கடை இந்த நிலையை மாற்றும் என்பதுதான் அதன் கவர்ச்சி. தைத்தவரே தன் பெயரில் விற்கலாம், இடையில் ஆள் இல்லை என்கிறார்கள். ஆனால் இடையில் ஆள் இருக்கிறார். முன்பிருந்தவரைவிடப் பெரியவராக இருக்கிறார்.

தளத்தின் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக எடுக்கப்பட்டவை. உண்மையான விகிதங்கள் பொருளுக்குப் பொருள் மாறும். பெரிய தளம் ஒன்றில் ஒரு பை 800 ரூபாய்க்கு விற்கிறது. தரகும் நிலைக்கட்டணமும் 110 ரூபாய், அனுப்பும் செலவு 80 ரூபாய். தேடலில் முதல் பக்கத்தில் தெரிய வேண்டுமானால் தளத்துக்குள்ளேயே விளம்பரம் எடுக்க வேண்டும். ஒரு சொடுக்குக்கு 5 ரூபாய், இருபது பேர் சொடுக்கினால் ஒருவர் வாங்குவார் என்று வைத்தால் 100 ரூபாய். இந்த 290 ரூபாய்ச் சேவைக் கட்டணத்தின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 52 ரூபாய். ஆக 342 ரூபாய் தளத்தின் வாசலிலேயே நின்றுவிடுகிறது. மிஞ்சும் 458 ரூபாயில் தோலுக்கும் ஜிப்புக்கும் துணிக்கும் 300 ரூபாய் போனால், தைத்த கூலி, அறை வாடகை, மின்சாரம், அட்டைப்பெட்டி எல்லாவற்றுக்கும் சேர்த்து 158 ரூபாய். பையின் மீதான ஜிஎஸ்டி இதில் சேர்க்கப்படவில்லை. வாசலில் வந்து நிற்கும் சரக்கை வாங்குபவர் திருப்பி அனுப்பினால், போக்குவரத்துச் சுமை பெரும்பாலும் விற்பவர் தலையில் விழும்.

தரகு இல்லை என்று சொல்லும் தளங்களும் இருக்கின்றன. மீஷோ 2021இல் தரகை நீக்கியது. அமேசான் 2025 ஏப்ரலில் 300 ரூபாய்க்குக் குறைவான ஏராளமான பொருட்களுக்குத் தன் தரகை விட்டுக்கொடுத்தது. இது கருணையால் நடந்ததல்ல. தளங்களின் வருமானம் தரகிலிருந்து விளம்பரத்துக்கும் சரக்குப் போக்குவரத்துக்கும் இடம் மாறிவருகிறது. 2024இல் அமேசானின் உலகளாவிய விளம்பர வருமானம் மட்டும் 5,600 கோடி டாலருக்கு மேல். கடைத்தெருவில் இலவசமாக இடம் கொடுத்துவிட்டு, விளக்கு எரியும் இடத்தில் நிற்பதற்கு மட்டும் நாள்தோறும் ஏலம் நடத்துவது போன்றது இது. இருட்டில் நிற்கும் கடைக்கு வாடகை இல்லைதான்.

ஏலத்தில் எல்லோரும் சமமாகப் பங்கேற்கிறார்களா என்பது அடுத்த கேள்வி. 2021 பிப்ரவரியில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அமேசானின் உள் ஆவணங்களை அடிப்படையாகக் கொண்டு வெளியிட்ட செய்தியின்படி, 2019இன் தொடக்கத்தில் இந்தியாவில் அந்தத் தளத்தில் இருந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்ட விற்பனையாளர்களில் வெறும் 35 பேர்தான் மொத்த விற்பனையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கொண்டிருந்தனர். அந்த 35 பேரில் இரண்டு நிறுவனங்களில் அமேசானுக்கே மறைமுகப் பங்கு இருந்தது. நன்றாக விற்கும் பொருட்களை விற்பனைத் தரவின் உதவியால் அடையாளம் கண்டு, அவற்றைப் போன்றவற்றைத் தன் சொந்த முத்திரையில் தயாரித்துத் தேடலில் முன்னே நிறுத்தியதாக அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு செய்தி வந்தது. நிறுவனம் இக்குற்றச்சாட்டுகளை மறுத்தது. எனினும் தில்லி வணிகர் சங்கத்தின் புகாரின் மீது 2020இல் இந்தியப் போட்டி ஆணையம் தொடங்கிய விசாரணை, அமேசானும் ஃபிளிப்கார்ட்டும் தேர்ந்தெடுத்த சில விற்பனையாளர்களுக்கு முன்னுரிமை அளித்தன என்ற முடிவுக்கே 2024இல் வந்தது. அமெரிக்காவிலும் கூட்டாட்சி வர்த்தக ஆணையமும் 17 மாநிலங்களும் 2023 செப்டம்பரில் தொடுத்த வழக்கில், பல விற்பனையாளர்கள் தங்கள் வருவாயில் பாதியளவை அமேசானுக்கே கட்டணமாகச் செலுத்த வேண்டியுள்ளது என்று குற்றம்சாட்டின. ஆக, இது வளரும் நாட்டில் மட்டும் நடக்கும் முறைகேடல்ல. ஏகபோக மூலதனம் சந்தை என்ற இடத்தையே தனியுடைமையாக்கும்போது எங்கும் இதுதான் விளைகிறது.

தளங்களில் விற்கவே கூடாது என்ற முடிவுக்கு இதிலிருந்து வரவேண்டியதில்லை. தீபாவளி மாதத்தில் தேங்கிய சரக்கைத் தள்ளிவிட அவை உதவலாம். ஆனால் ஒரு புதிய கடை தன் அடித்தளத்தையே அங்கே போடுவது, அடுத்தவர் மனையில் சொந்த வீடு கட்டுவதாகும்.

சொந்தத் தளம் வைத்துச் சமூக ஊடகங்களில் விளம்பரம் செய்வது சற்று மேல். வாங்குபவரின் பெயர் கடைக்காரரிடம் வருகிறது. ஆனால் அவரை அழைத்துவரும் வாசலில் மெட்டாவும் கூகுளும் சுங்கம் வசூலிக்கின்றன. இங்கும் ஏலமே நடக்கிறது. ‘தாராவி தோல்பை’ என்ற சொற்களுக்கே கூட, தாராவியில் ஓர் ஊசியும் வைத்திராத பெருவணிகர் அதிக விலை கேட்டு முன்னால் நிற்க முடியும். ஒரு முறை வாங்கியவர் மறுமுறை விளம்பரம் இல்லாமலே வந்தால்தான் அந்தச் செலவு மீளும். பை என்பது ஆண்டுக்கு ஒன்று வாங்கும் பொருள். முறுக்கு மாதத்துக்கு இருமுறை வாங்கும் பொருள். விளம்பரத்துக்குக் கடன் வாங்குமுன் இந்த வேறுபாட்டை எண்ணிப்பார்ப்பவர் குறைவு.

இன்னொரு முறையும் உண்டு: ஏழ்மையை விற்பது. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்குப் பின் தாராவியைச் சுற்றிக்காட்டும் சுற்றுலாவே ஒரு தொழிலாக வளர்ந்தது. ‘குடிசைவாசி தைத்தது, வாங்கி உதவுங்கள்’ என்று எழுதினால் முதல் பை விற்கும். இரக்கத்துக்காக இரண்டாவது பை எவரும் வாங்குவதில்லை. இதற்கு நேரெதிரான வழியில் போனவர் சுதீர் ராஜ்பர். மாட்டிறைச்சித் தடைக்குப் பின் வேலையிழந்த தாராவிக் கைவினைஞர்களுடன் சேர்ந்து, மறுசுழற்சி ரப்பரில் பைகள் செய்து, வசைச் சொல்லாக வீசப்படும் சாதிப் பெயரையே முத்திரையாக்கி ‘சமார் ஸ்டுடியோ’ என்று அவர் பெயரிட்டார். இழிவை விலாசமாக மாற்றிய அந்தத் துணிவு பாராட்டுக்குரியது. எனினும் வடிவமைப்பாளர் பொருளாக, வசதி படைத்தோர் சந்தையில் விற்கும் அந்த வழி சில கைகளுக்கே வேலை தரும். தாராவியின் ஆயிரக்கணக்கான கைகளுக்கு வேறு வழி வேண்டும்.

முகவரி என்னும் தடை

விளம்பரத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் ஆலோசகர்கள் தொடாத விஷயம் ஒன்று உண்டு. இணையத்தில் விற்க ஒரு முகவரி வேண்டும். வாழ்விடமாக மட்டுமல்ல, சட்டம் ஏற்கும் தொழிலிட முகவரியாக.

தெருவில் கடை வைத்துப் பொருள் விற்பவர் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டும் என்பது மகாராஷ்டிரம் உள்ளிட்ட பல மாநிலங்களில் உள்ள வரம்பு. அதே மனிதர் மின்வணிகத் தளத்தில் ஒரே ஒரு பை விற்றாலும் பதிவு கட்டாயம் என்று 2023 வரை சட்டம் சொன்னது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் சிறு விற்பனையாளர்களுக்கு விலக்குக் கிடைத்தது. அதுவும் மாநிலத்துக்குள் விற்றால் மட்டும். பதிவில்லாத தாராவித் தையல்காரர் தளத்தின் வழியாகப் புனேவுக்கும் நாக்பூருக்கும் விற்கலாம். சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் விற்க முடியாது. சொந்த ஊர்க்காரர்கள் வாங்கத் தயாராக இருந்தாலும் சட்டம் குறுக்கே நிற்கிறது. சொந்தத் தளத்தில் கைவினைப் பொருள் விற்போருக்குச் சில விலக்குகள் உண்டு. ஆனால் அவற்றைத் தெரிந்து பயன்படுத்தக் கணக்காளருக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

பதிவு செய்யலாம் என்று துணிந்தால் வாடகை ஒப்பந்தமும் மின்கட்டண ரசீதும் கேட்கப்படும். தாராவியில் ஒப்பந்தம் எழுதாமல் மேல்தளத்து அறையில் தைப்பவரிடம் இவை எப்படி இருக்கும்? முறுக்கு விற்போருக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அடிப்படைப் பதிவு தேவை. அதற்கான கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். பணம் சிக்கலே அல்ல, அங்கும் இடத்துக்கான சான்றுதான் சிக்கல்.

இந்த முகவரியையே அழிக்கும் வேலை ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்கிறது. தாராவி மறுசீரமைப்பு ஒப்பந்தத்தை 5,069 கோடி ரூபாய் ஏலத்தொகையுடன் 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. 80 சதவீதப் பங்கு அக்குழுமத்துக்கு, 20 சதவீதம் மாநில அரசுக்கு என்ற அமைப்பில் நிறுவனம் உருவாகி, இன்று ‘நவபாரத் மெகா டெவலப்பர்ஸ்’ என்ற பெயரில் இயங்குகிறது. 2000 ஜனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்ததை நிரூபிப்போருக்குத்தான் தாராவியிலேயே இலவச வீடு. மேல்தளங்களில் இருப்போர் தாராவிக்கு வெளியே போக வேண்டும். தகுதி பெறும் தொழில்களுக்கு ஐந்தாண்டுகள் மாநில ஜிஎஸ்டியைத் திருப்பித் தருவதாக ஒரு சலுகையும் பேசப்படுகிறது. ஜிஎஸ்டி பதிவே இல்லாத மேல்தளப் பட்டறைக்கு எதைத் திருப்பித் தருவார்கள் என்பதை விளக்க எவரும் முன்வரவில்லை. ‘டிஜிட்டல் இந்தியா’ மேடைகளில் சிறு உற்பத்தியாளரை உலகச் சந்தைக்கு அழைக்கும் ஒன்றிய ஆட்சியாளர்கள், அவருடைய தையல் எந்திரம் நிற்கும் இடத்தை யாருக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பழைய கடைகள் சொல்வது

மும்பையிலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 1959 மார்ச்சில் கிர்காவ் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி ஒரு மொட்டை மாடியில் அப்பளம் இடத் தொடங்கினர். நன்கொடை கேட்பதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவெடுத்தனர். மாவு ஓரிடத்தில் பிசையப்பட்டு வீடுகளுக்குப் போகும்; இட்ட அப்பளம் திரும்பி வரும்; இடும் பெண்ணே பங்குதாரர். லிஜ்ஜத் என்ற அந்த முத்திரையைத் தொலைக்காட்சியில் முயல் பொம்மை சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வீடு கொண்டுசென்றது என்பது உண்மைதான். ஆனால் அந்த விளம்பரம் வந்தபோது அமைப்பு இருபதாண்டுகளைக் கடந்திருந்தது. இன்றைய இணையக் கடைகள் பல இதைத் தலைகீழாகச் செய்கின்றன: முதலில் முயல், பிறகு அப்பளம்.

கண்ணூரில் 1969இல் பிறந்த தினேஷ் பீடிக் கூட்டுறவு இன்னும் நெருக்கமான பாடம். பீடித் தொழிலாளர் சட்டத்தை அமல்படுத்த மறுத்துத் தனியார் முதலாளிகள் கேரளத்தைவிட்டு வெளியேறியபோது, வேலையிழந்த தொழிலாளர்கள் இடதுசாரி அரசின் துணையோடு கூட்டுறவு அமைத்தனர். அவர்களுடைய பீடியை ஊர் ஊராகக் கொண்டுபோனது தொழிற்சங்க இயக்கத்தின் ஆதரவு. ஒரு கட்டத்தில் சுமார் 42,000 தொழிலாளர்கள் அதில் இருந்தனர். பின்னாளில் பீடிக்கான தேவையே சரிந்தது; உணவுப் பொருள், குடை, ஆடை என்று அது கிளை பிரிந்தது. கூட்டுறவு என்றாலே கரை சேர்ந்துவிடும் என்று எண்ணுவோர் இந்தப் பிற்பகுதியையும் படிக்க வேண்டும். அரசுக் கூட்டுறவுகளின் இணையக் கடைகள் பல தூங்கிவழிவதையும் மறைக்க வேண்டியதில்லை. தொலைபேசியை எடுத்துப் பதில் சொல்ல ஆள் இல்லாத கடையில் இரண்டாம் முறை எவர் வாங்குவார்?

ஓஎன்டிசி என்ற ஒன்றிய அரசு முயற்சி 2021 டிசம்பரில் நிறுவனமாகி, 2022 ஏப்ரலில் கோவை உள்ளிட்ட ஐந்து நகரங்களில் சோதனைக்கு வந்தது. தளங்களின் ஏகபோகத்தை உடைக்கும் என்றார்கள். எந்தச் செயலியில் வாங்கினாலும் எந்தக் கடையையும் காணலாம் என்ற அதன் அமைப்பு பயனுள்ளதே. ஆனால் அது பாதை மட்டுமே. பாதையில் ஓட்டத் தனித் தையல்காரரிடம் வண்டி இல்லை.

வண்டி கூட்டாகத்தான் வர முடியும். மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1960இன்படி வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு சங்கம் அமைக்கலாம். சங்கத்துக்கு ஒரு முகவரி, ஒரு ஜிஎஸ்டி பதிவு போதும். உறுப்பினர்கள் தைத்துச் சங்கத்துக்கு விற்பார்கள், சங்கம் நாடெங்கும் விற்கும். முகவரி அற்ற பத்துப் பேரின் சிக்கல் ஒரே நாளில் பாதி தீர்கிறது. ஒரு கைபேசி, ஒளிப்படம் எடுக்க ஒரு வெள்ளைத் துணி, பெட்டி கட்ட ஒரு மேசை எல்லாம் பொதுவாக இருக்கலாம். அனைத்துக்கும் மேலாக வாங்கியவர்களின் பதிவேடு பொதுச் சொத்தாக இருக்கும். ஒருவர் விலகினாலும் ஒரு தளம் மூடினாலும் அது போகாது. தாராவியிலிருந்து ஆட்களை அப்புறப்படுத்தினால்கூட வாங்குபவர்களோடு கொண்ட உறவு கையில் நிற்கும். அதற்காக அப்புறப்படுத்தலை ஏற்க வேண்டும் என்று பொருளல்ல. தாராவியிலேயே வீடும் தொழிலிடமும் என்ற கோரிக்கையில் மேல்தளப் பட்டறைகளுக்கான தொழிலிடச் சான்றும் ஒரு வரியாக இடம்பெற வேண்டும். மாநில எல்லையில் நிற்கும் ஜிஎஸ்டி தடையை நீக்கும் கோரிக்கையும் அதனோடு சேர வேண்டும்.

பதிவேட்டின் முதல் நூறு பெயர்கள் எங்கிருந்து வரும்? இங்குதான் இயக்கத்துக்கு வேலை இருக்கிறது. மும்பையில் வங்கி, எல்ஐசி, ரயில்வே, துறைமுகம் என்று எத்தனையோ தொழிற்சங்கங்கள் மாநாடுகள் நடத்துகின்றன. மாதர், மாணவர், வாலிபர் அமைப்புகளும் நடத்துகின்றன. ஒவ்வொரு மாநாட்டிலும் பிரதிநிதிக்கு ஒரு பை தரப்படுகிறது. அதை மொத்தக் கடையில் விலை பேசி வாங்கிச் சின்னம் அச்சடிப்பதே இதுவரை வழக்கம். அடுத்த மாநாட்டுக்கு வரவேற்புக் குழு அமையும் நாளிலேயே, குறைந்தது இரண்டு மாத அவகாசத்துடனும் மூன்றில் ஒரு பங்கு முன்பணத்துடனும் தாராவிச் சங்கம் ஒன்றுக்கு அந்த ஆர்டரைக் கொடுக்கலாம். முன்பணம் இல்லாமல் தோல் வாங்க முடியாது, வட்டிக்காரரிடம் போவார்கள். பையின் உள்பக்கத்தில் தைத்த சங்கத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஒரு சிறு துணிப்பட்டையில் இருக்கட்டும். ஜிப் அறுந்தால் பிரதிநிதி அந்த எண்ணை அழைப்பார்.